அக்னி வசந்த விழா

அக்னி வசந்த விழா என்பது மகாபாரதத் திரௌபதியைத் தெய்வமாகக் கொண்ட ஊர்கள் எடுக்கும் கோயில் திருவிழா. பாரதத் திருவிழா என்றும் இதற்குப் பெயருண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், கடலூர் உள்ளிட்ட வட தமிழக மாவட்டங்களிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரை நடைபெறுகிறது. பத்து நாள், பதினெட்டு நாள் என ஊருக்கு ஊர் கணக்கு மாறும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, நிறைவில் படுகளமும் தீமிதியும் என்பது பொதுவான அமைப்பு. கதையும் சடங்கும் கூத்தும் ஒரே நிகழ்வாக இணைந்து நடப்பதே இவ்விழாவின் தனித்தன்மை.

தெய்வமும் காவலும்

காவியத்தில் திரௌபதி பாண்டவரின் மனைவி. வேள்வித் தீயில் தோன்றிய பாஞ்சால நாட்டு இளவரசி. இவ்வூர்களிலோ அவள் அம்மன். சபையில் மானபங்கப்பட்டவள், கூந்தலை முடியாமல் காத்திருந்து பழி தீர்த்தவள் என்பதே அவளை வணங்குவதற்கான அடிப்படை. செஞ்சி வட்டாரம் இவ்வழிபாட்டின் முக்கிய மையம். அங்குள்ள மேலச்சேரிக் கோயிலை ஆதிக் கோயிலாகப் பலர் கருதுகின்றனர். திரௌபதி கோயில்களில் பலவற்றைத் தருமராஜா கோயில் என்றே மக்கள் அழைப்பார்கள்.

காவியத்தில் இல்லாத இருவர் பல கோயில்களில் அம்மனுக்குக் காவலாக நிற்கிறார்கள். ஒருவர் போத்துராஜா. மற்றவர் முத்தால ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரர். அம்மனுக்குச் சைவப் படையல். ராவுத்தருக்குச் சுருட்டும் சாராயமும் படைப்பதுண்டு.

பிரசங்கம்

கொடியேற்றிக் காப்புக் கட்டிய பின் விழா தொடங்கும். பிற்பகலில் பிரசங்கியார் பாரத மேடையில் அமர்ந்து, வில்லிபுத்தூராரின் பாரதத்திலிருந்து பாடல்களைப் பாடி விளக்கம் சொல்வார். நல்லாப்பிள்ளை பாரதத்தையும் சேர்த்துக்கொள்வோர் உண்டு. இடையிடையே நாட்டு நடப்பும் நகைச்சுவையும் கலக்கும். பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்யும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகள் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு நிவந்தம் ஒதுக்கியதைக் குறிப்பிடுகின்றன.

கூத்து

பகலில் கேட்ட கதையை ஊர் இரவில் கண்ணால் காண்கிறது. வில் வளைப்பில் தொடங்கி துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒரு கதை, விடிய விடிய நடக்கும். மத்தளம், முகவீணை, தாளம், ஆர்மோனியம் ஆகியவை இசைக்கருவிகள். முக்கிய வேடங்கள் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் அணியும். கனமில்லாத மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டிய அணிகள் இவை. இருவர் பிடித்த திரைக்குப் பின் நின்று பாடியபடி வேடம் அறிமுகமாகும். கட்டியங்காரன் அரசனுக்கும் சபைக்கும் நடுவே நின்று கேலி பேசுவான். பெண் வேடத்தையும் மரபாக ஆண்களே கட்டுகிறார்கள்.

துகிலுரிதல் இரவில் நடிப்பு நடிப்பாக மட்டும் நிற்பதில்லை. துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கைவைக்கும் முன் கற்பூரம் ஏற்றி, தான் செய்யப்போவதற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். வேடக்காரர்மேல் அருள் வந்துவிடுவதும் உண்டு. திரௌபதி வேடமிட்டவரைப் பார்வையாளர்கள் அந்நேரம் அம்மனாகவே கும்பிடுகிறார்கள்.

ஊரே களம்

சில கதைகள் மேடையில் அடங்குவதில்லை. பகாசுரன் வதத்தன்று சோறும் பலகாரமும் ஏற்றிய வண்டியில் வீமன் தெருத்தெருவாகத் தின்றபடி வருவான். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான மரத்தை நட்டுப் படி வைப்பார்கள். அர்ச்சுனன் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், பூ, திருநீறு ஆகியவற்றை வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மரத்தடியில் மடியேந்தி நிற்பார்கள். சிவனிடம் அர்ச்சுனன் பெற்ற வரத்தில் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நம்பிக்கை.

படுகளத்தன்று மல்லாந்து கிடக்கும் துரியோதனனைக் களிமண்ணால் பேருருவாகச் செய்து வண்ணம் பூசுவார்கள். வீமன் வேடமும் துரியோதனன் வேடமும் அந்த மண்ணுருவைச் சுற்றியும் அதன் மேலேறியும் துரத்திச் சண்டையிடும். இறுதியில் வீமன் தொடையில் அடிப்பான்; அங்கே மறைத்து வைத்த செந்நீர் இரத்தமாக வெளிப்படும். அம்மன் சபதம் முடித்துக் கூந்தல் முடிவது அதன்பின்தான். கலைந்த உருவத்தின் மண்ணை எடுத்துப்போய் வீட்டிலும் தானியம் வைக்குமிடத்திலும் போட்டுவைப்பது பல ஊர்களில் வழக்கம்.

அன்று மாலையே பெரும்பாலும் தீமிதி. காப்புக் கட்டி விரதமிருந்தவர்கள் மஞ்சள் உடையில், கரகத்தின் பின்னே அக்கினிக் குண்டத்தில் இறங்குவார்கள். தருமர் பட்டாபிஷேகத்தோடு விழா நிறைவுறும்.

பரவல்

புலம்பெயர்ந்த தமிழர் தீமிதியைக் கடல் கடந்தும் கொண்டுசென்றனர். சிங்கப்பூரில் 1827இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்குமுன் நடக்கும் தீமிதி திரௌபதிக்கு உரியது. ரீயூனியன், மொரிசியசு தீவுகளிலும் தீமிதி உண்டு. இலங்கையில் உடப்பு, பாண்டிருப்பு ஆகிய ஊர்களின் திரௌபதி அம்மன் கோயில்கள் பெயர்பெற்றவை. பெங்களூரு தருமராயசாமி கோயிலில் திகளர் சமூகத்தார் சைத்ர மாதப் பௌர்ணமியில் எடுக்கும் கரக விழாவும் திரௌபதிக்கே. அர்ச்சுனன் மகன் அரவானின் களப்பலிக் கதை கூவாகத்தில் கூத்தாண்டவர் விழாவாகத் தனித்து வளர்ந்தது. அங்கே திருநங்கையர் அரவானின் மனைவியராகத் தாலி கட்டிக்கொண்டு, அவன் பலிக்குப் பின் மறுநாள் அறுக்கிறார்கள்.

கூத்துக் கலை விழாவுக்கு வெளியிலும் இடம்பெற்றது. புரிசைக் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் அதை நகர மேடைகளுக்கு எடுத்துச் சென்றார். 1977இல் ந. முத்துசாமி முதலானோர் தொடங்கிய கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவின் நவீன நாடகத்தில் அதன் தாக்கம் உண்டு.

ஊரும் உரிமையும்

வரி வசூலிப்பது, நாள் குறிப்பது, முதல் மரியாதை, எந்தத் தெருவுக்குச் சாமி வரும் என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்பவை. பல கோயில்களில் வன்னியர் முதன்மை பெறுகின்றனர். தீயில் பிறந்த அம்மனோடு தங்கள் அக்னி குல மரபை அவர்கள் இணைத்துக் காண்கின்றனர். இந்த உரிமை அமைப்பே சாதித் தடையாகவும் மாறியதுண்டு. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியல் சாதியினரின் ஆலய நுழைவை எதிர்த்து மோதல் எழ, 2023 சூனில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தனர். உயர் நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பின் 2025 ஏப்ரலில்தான் பட்டியல் சாதியினர் உள்ளே சென்று வழிபட முடிந்தது. நீதி கேட்டுச் சபையில் நின்ற ஒருத்தியைத் தெய்வமாகக் கொண்ட விழா இது. ஊர் முழுவதற்கும் அவள் வாசல் திறந்திருந்தால்தான் இதை ஊர்த் திருவிழா என்று சொல்வது பொருந்தும்.