மழை பொய்க்காமல் விளைச்சல் பொய்த்த வரலாறு: இலங்கைக் காப்பித் தோட்டங்களின் வீழ்ச்சி

ஆய்வுச்சுருக்கம்
பயிர் அழிவுக்கு வானிலையே முதற்காரணம் என்னும் பொதுக்கருத்தை, 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத்தில் நிகழ்ந்த காப்பிப் பயிரின் வீழ்ச்சியைக் கொண்டு இக்கட்டுரை மறுஆய்வு செய்கின்றது. அவ்வீழ்ச்சி தமிழ்த் தொழிலாளர் வாழ்வில் விளைவித்த மாற்றத்தையும் சுட்டுகின்றது.

திறவுச்சொற்கள்: காப்பி, இலைத்துரு நோய், ஒற்றைப்பயிர், மலையகத் தமிழர், தேயிலை.

முன்னுரை
வேளாண் வரலாற்றில் விளைச்சல் குறைவு பெரும்பாலும் வறட்சி, வெள்ளம், புயல் ஆகியவற்றோடு இணைத்தே பேசப்படுகின்றது. பயிருக்கேற்ற மழை பெய்யும் நிலத்திலும் பயிர் அழியக்கூடும் என்பதற்கு இலங்கைக் காப்பித் தோட்டங்கள் தக்க சான்றாகும்.

நோயின் தோற்றம்
1869இல் மதுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பது கண்டறியப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பெர்க்லி, அது பூஞ்சையால் வருவது என உறுதிசெய்தார். அப்பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிடப்பட்டது. நோயுற்ற இலைகள் உதிர, கிளைகள் பட்டுப்போயின, காய்கள் திரளவில்லை.

மழையின் இருமுகம்
தோட்ட உரிமையாளருள் பலர் வானிலையையும் உரக்குறைவையும் காரணமாகக் கூறினர். 1880 முதல் 1882 வரை இலங்கையில் ஆய்வு நிகழ்த்திய மார்ஷல் வார்டு வேறொன்றைக் கண்டார். பூஞ்சையின் நுண்ணிய ஸ்போர்கள் காற்றில் பரவி, இலைமீதுள்ள நீர்த்துளியில் முளைத்து, இலைத்துளைகள் வழியே உட்புகுந்தன. காப்பியைச் செழிக்கச் செய்த ஈரமே நோயையும் வளர்த்தது. காடு அழிக்கப்பட்ட மலைச்சரிவுகளில் இடைவெளியின்றி ஒரே பயிர் நின்றமையால் நோய் தடையின்றிப் பரவியது. எனவே, மழையைவிடச் சாகுபடி முறையே இவ்வழிவின் அடிப்படைக் காரணம் எனல் பொருந்தும்.

பரப்பு மறைத்த வீழ்ச்சி
1870களில் காப்பியின் விலை உயர்ந்தது. ஏக்கருக்குரிய விளைச்சல் குறைந்தபோதும், உரிமையாளர்கள் புதுக்காடுகளை வெட்டிச் சாகுபடியைப் பெருக்கினர். 1878இல் காப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் பயிராயிற்று. விலை வருவாய் இழப்பை மறைத்தது; பரப்போ நோய்க்கு மேலும் இடமளித்தது. பின்னர் விலையும் சரியவே, கடன்பட்ட தோட்டங்கள் கைமாறின. காப்பித் தோட்டங்களுக்குப் பெருங்கடன் வழங்கியிருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது.

தொழிலாளர் வாழ்வில் மாற்றம்
காப்பி பருவகாலப் பயிர். தமிழகத்திலிருந்து கங்காணிகளின் கீழ் வந்தோருள் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தோட்டங்கள் நொடித்தபோது பலருக்குக் கூலி நிலுவையாயிற்று. காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1875இல் ஏறத்தாழ 1,000 ஏக்கராக இருந்த அதன் பரப்பு, 1890களின் நடுவில் 3,00,000 ஏக்கரை எட்டியது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால், தொழிலாளர் குடும்பத்துடன் லயன்களில் நிலைகொண்டனர். ஆயினும் அவர்தம் வழிவந்தோருள் மிகப்பெரும்பாலோர்க்கு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் குடியுரிமையை மறுத்தது.

முடிவுரை
காப்பியின் வீழ்ச்சி வானம் பொய்த்ததால் நேர்ந்ததன்று. ஒற்றைப்பயிரும் கட்டற்ற விரிவாக்கமும் ஒரு பூஞ்சைக்கு வழியமைத்ததால் நேர்ந்தது. காப்பிக்குப் பதிலாகத் தேயிலை வந்தபோதும் ஒற்றைப்பயிர் முறை நீடித்தது. பருவந்தோறும் வந்து மீண்ட மக்களை நிலைத்த குடிகளாக்கியதில் இந்நோய்க்கும் பங்குண்டு. ஆகவே, மலையகத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர் குடிபெயர்வுப் பதிவுகளோடு பயிர்நோய் வரலாற்றையும் இணைத்து நோக்குதல் இன்றியமையாதது.