பக்கத்து நாட்டில் ஓர் அட்மிஷன்

புதுக்கோட்டையில் ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை சென்னையில் இறங்கிவிடலாம். ஆனால், நூறு வருஷத்துக்கு முன்னால் அது கிட்டத்தட்ட ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிற சமாசாரம். மிகையில்லை. புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். அம்மன் காசு என்று தனி நாணயமே உண்டு. ரயில் வந்ததே 1929-ல்தான். எல்லையைத் தாண்டினால் வெள்ளைக்காரனின் மதராஸ் ராஜதானி.

அந்த எல்லையை மருத்துவம் படிக்கத் தாண்டிய பெண்ணை உங்களுக்குத் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று பள்ளிக்கூடத்தில் நாலு வரி படித்திருப்பீர்கள். அந்த நாலு வரிக்கு முன்னால் ஓர் அப்ளிகேஷன் இருக்கிறது. அதுதான் இந்த வாரக் கதை.

1886-ல் பிறந்தார். அப்பா நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குலம். இந்தக் கல்யாணத்துக்காக அய்யரை அவருடைய சொந்தங்கள் ஒதுக்கிவைத்தன. வயசுக்கு வந்ததும் பெண்ணின் பள்ளிக்கூடம் நின்றது. படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் பாஸ். அடுத்து? ஊரில் இருந்தது ஆண்கள் கல்லூரி. அதற்கே அப்ளிகேஷன் போட்டார்.

ஊர் கொதித்தது. ஒரு பெண், அதுவும் 'அந்த'க் குலத்துப் பெண், உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்களாம்! விஷயம் ராஜாவிடம் போனது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். பின்னாளில் ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வெள்ளைக்காரர்களையே திகைக்க வைத்தவர். யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. 'சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று உத்தரவு போட்டார்.

மூடிய வண்டியில் கல்லூரிக்கு வந்தார் முத்துலட்சுமி. வகுப்பில் அவருக்கும் பையன்களுக்கும் நடுவே ஒரு திரை. கல்லூரி முழுக்க அவர் ஒருத்திதான் பெண். யோசித்துப் பாருங்கள், ஒரு நாள் இல்லை, வருஷக்கணக்கில்!

1907-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரி. அங்கே படித்த முதல் பெண் இவர்தான் என்று சொல்பவர்கள் உண்டு. சரியில்லை. 1875-லேயே மேரி ஷார்லீப் உட்பட நாலு பெண்கள் அங்கே சேர்ந்துவிட்டார்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறக்காத காலத்தில், அபலா போஸ் வங்காளத்திலிருந்து மதராஸுக்குத்தான் படிக்க வந்தார். ஆக, பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இடம் கொடுப்பது மதராஸுக்குப் புதிதில்லை.

1912-ல் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கினால் ஆயிற்றா? வைத்தியம் புத்தகத்தில் இல்லை, வார்டில் இருக்கிறது. அனுபவசாலிகளின் கீழே, ராத்திரி பகல் பார்க்காமல் நோயாளிகளோடு கிடந்தால்தான் கை பழகும். அந்தக் காலத்தில் அதற்கு 'ஹவுஸ் சர்ஜன்' என்று பேர். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் முத்துலட்சுமி.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் கல்யாணம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். பிராக்டீஸ் நன்றாக நடந்தது. அப்போது விழுந்தது அடி. தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். டாக்டர் அக்காவால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் முடிந்தது.

1925-ல், முப்பத்தொன்பது வயசில், மறுபடி மாணவி. அரசாங்க உதவித்தொகையில் லண்டன் பயணம். புருஷனும் பிள்ளைகளும் கூடவே போனார்கள். பெண்கள், குழந்தைகள் நோய்களோடு ராயல் கேன்சர் ஹாஸ்பிடலில் புற்றுநோய் பற்றியும் கற்றுக்கொண்டார். திரும்பி வந்ததும் சட்டசபை அழைத்தது. அது தனிக் கதை.

நான் பி.காம். படித்தவன். எதிலும் வரவு-செலவு பார்த்துத்தான் பழக்கம். இந்தக் கணக்கில் வரவு என்ன? 1954-ல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை. மறு வருஷம் இளம் டாக்டர் ஒருவர், தேடி வந்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு அங்கே ரெசிடென்ட் டாக்டராகச் சேர்ந்தார். பெயர் சாந்தா. 2021-ல் இறக்கும்வரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

1984-ல் அங்கே புற்றுநோய் மருத்துவத்துக்கென்றே உயர்படிப்புக் கல்லூரி வந்தது. முத்துலட்சுமி பெயரில்தான்.

புதுக்கோட்டைக்கும் 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. டாக்டராக அந்த ஊர்ப் பெண் இனி எல்லை தாண்ட வேண்டியதில்லை. நடுவில் திரையும் கிடையாது. அடையாறிலோ, வெளி மாநில டாக்டர்கள் அப்ளிகேஷன் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்ளிகேஷனும் கையுமாக நின்ற பெண்ணின் கல்லூரியில் இடம் கேட்டு!