கம்பைநல்லூரிலிருந்து ஒரு ஹாக்கி ரசிகர்: எந்த டீமுக்கு விசில் போடலாம்?

ஐ.பி.எல் வந்துட்டா நமக்குக் குழப்பமே இல்லை. மஞ்சள் ஜெர்ஸி, விசில், ஸ்டேட்டஸ்... முடிஞ்சது கதை. கம்பைநல்லூர்ல எந்தக் காலி இடத்தைப் பார்த்தாலும் அங்கே மூணு குச்சி ஊன்றியிருக்கும். ஆனா, யாராவது "நீ எந்த ஹாக்கி டீம் ஃபேன்?"னு கேட்டா? "அது நம்ம தேசிய விளையாட்டுதானே"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம். உண்மையில், மத்திய அரசு எந்த விளையாட்டையும் அதிகாரபூர்வமாகத் தேசிய விளையாட்டுன்னு அறிவிச்சதே இல்லை. அதனால கடமைக்காக ஹாக்கி பார்க்க வேண்டாம். பிடிச்சா பாருங்க. பிடிக்குமான்னு கண்டுபிடிக்கத்தான் இந்தக் கைடு.

முதல்ல இந்த அஞ்சு விஷயம் போதும்

ஒரு அணிக்கு 11 பேர். 15 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர். பிரேக் சேர்த்தாலும் ஒரு சினிமாவைவிடக் குறைவான நேரம்தான்.

கோல்போஸ்ட் முன்னாடி அரைவட்டம் மாதிரி ஒரு கோடு இருக்கும். அதுக்குப் பேர் 'சர்க்கிள்' அல்லது 'டி'. அதுக்குள்ள இருந்து அடிச்சாத்தான் கோல். வெளியே இருந்து அடிச்ச பந்து நேரா வலைக்குள்ள போனாலும் செல்லாது.

ஃபுட்பால் மாதிரி ஆஃப்சைடு கிடையாது. ஆட்களை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம். அதனாலதான் ஆட்டத்தோட வேகம் குறையவே குறையாது.

பச்சை கார்டு காட்டினா 2 நிமிஷம் வெளியே உட்காரணும். மஞ்சள்னா குறைந்தது 5 நிமிஷம். சிவப்புன்னா அந்த மேட்ச்சே முடிஞ்சது. வெளியே போனவருக்குப் பதில் ஆள் இறக்க முடியாது.

கடைசியா, பெனால்ட்டி கார்னர். இதுக்காகவே ஹாக்கி பார்க்கிறவங்க உண்டு. தடுக்க கோல்கீப்பரோட சேர்த்து அஞ்சு பேர்தான். முதல் ஷாட்டை ஓங்கி அடிச்சா, பந்து 46 செ.மீ உயரத்துக்குள்ளதான் கோலுக்குள் போகணும். ஆனா மட்டையால இழுத்து வீசற 'டிராக் ஃப்ளிக்'குக்கு அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. ஹர்மன்பிரீத் சிங் பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் அடிச்சு முதலிடம் பிடிச்சது ஏன்னு இப்போ புரியும்.

முதல் மேட்ச் எது பார்க்கலாம்?

2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி, இந்தியா - கிரேட் பிரிட்டன். யூடியூபில் ஹைலைட்ஸ் தேடிப் பாருங்க. இரண்டாவது குவார்ட்டர் தொடங்கின கொஞ்ச நேரத்துலேயே அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு கார்டு. அதுக்கப்புறம் 40 நிமிஷத்துக்கு மேல பத்தே பேரோட இந்தியா ஆடுச்சு. 1-1 டிரா. ஷூட்அவுட்டில் 4-2 வெற்றி. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் சுவர் மாதிரி நின்னார். அந்த கார்டால ரோஹிதாஸுக்கு ஜெர்மனியோட அரையிறுதியில் ஆடத் தடை. இந்தியா 2-3னு தோத்தது. அப்புறம் ஸ்பெயினை 2-1னு ஜெயிச்சு வெண்கலம். அந்த ரோஹிதாஸ் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

சரி, எந்த டீம்?

*ஊர்ப் பாசம்னா, தமிழ்நாடு டிராகன்ஸ்.* ஏழு வருஷம் நின்னுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக், 2024 டிசம்பரில் எட்டு ஆண்கள் அணிகளோட மறுபடி தொடங்குச்சு. 2013 முதல் 2017 வரை நடந்த பழைய லீக்கில் தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. இந்தத் தடவை கிடைச்சது. முதல் சீசன் கேப்டன் யார் தெரியுமா? அதே அமித் ரோஹிதாஸ். முதல் சீசனிலேயே அணி அரையிறுதி வரைக்கும் போச்சு.

*ஆட்டக்காரர் வழியா வரணும்னா, கார்த்தி செல்வம்.* அரியலூர்க்காரர். இவரும் கோவில்பட்டிக்காரர் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்திய ஜெர்ஸி போட்டாங்க. பெருநகரத்துல பிறந்தாதான் ஹாக்கின்னு நினைச்சா, இந்த ரெண்டு ஊர்ப் பேரையும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க. கோவில்பட்டியில் தலைமுறை தலைமுறையா ஹாக்கி ஓடிக்கிட்டிருக்கு. அரியலூரும் நம்ம தர்மபுரி மாதிரியே ஒரு மாவட்டம்தான்.

*வரலாறு பிடிக்கும்னா, இந்திய அணி.* ஒலிம்பிக்கில் 8 தங்கம், 1 வெள்ளி, 4 வெண்கலம். கடைசித் தங்கம் 1980 மாஸ்கோவில், ஸ்பெயினை 4-3னு வீழ்த்தி வந்தது. அந்த அணியோட கேப்டன் வி.பாஸ்கரன், நம்ம தமிழ்நாட்டுக்காரர். பழம்பெருமை மட்டும்னு நினைக்காதீங்க. 2025 செப்டம்பரில் ராஜ்கிரில் நடந்த ஆசியக் கோப்பை இறுதியில் தென்கொரியாவை 4-1னு அடிச்சு, 2026 உலகக் கோப்பைக்கும் தகுதி வாங்கினாங்க.

*பெண்கள் ஹாக்கின்னா, கொஞ்சம் யோசிக்கணும்.* 2025 ஜனவரியில் பெண்களுக்கும் லீக் தொடங்கினாங்க. ஒடிசா வாரியர்ஸ், சூர்மா, டெல்லி எஸ்.ஜி பைப்பர்ஸ், பெங்கால் டைகர்ஸ்னு நாலே அணிகள். தமிழ்நாட்டுக்கு இடம் இல்லை. நம்ம ஊர்ல மட்டை பிடிக்க நினைக்கிற ஒரு பொண்ணுக்கு 'என் ஊர் டீம்'னு காட்ட ஒண்ணும் இல்லைங்கறது சின்ன விஷயம் இல்லை. அதனால இங்கே அணியைத் தேடாம, ஆட்டத்தைத் தேடுங்க. ரெண்டு மேட்ச் பாருங்க, யார் பந்தை வாங்கினா நீங்க நிமிர்ந்து உட்கார்றீங்களோ, அவங்க டீம்தான் உங்க டீம்.

ஒரு எச்சரிக்கை

சென்னைக்கு முன்னாடியும் லீக் அணிகள் இருந்திருக்கு. 2005-ல தொடங்கின பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ். 2012-ல வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ். முதல் லீக் 2008-ஓட முடிஞ்சது, ரெண்டாவது ஒரே சீசன்தான். லீக் போனதும் அணியும் போச்சு, ரசிகர்களும் கலைஞ்சுட்டாங்க. இன்னைக்கு இருக்கிற எந்த அணிக்கும் இது நடக்கலாம்.

அதனால ஒரு யோசனை. ஜெர்ஸிக்குப் பாதி மனசு கொடுங்க. மீதியை ஒரு ஆட்டக்காரருக்கும் இந்திய அணிக்கும் பிரிச்சுக் கொடுங்க. லீக் நின்னாலும் உங்க ஹாக்கி நிக்காது. இன்னொண்ணு, லீக் நிலைக்கிறதே பார்க்கிறவங்க எண்ணிக்கையை நம்பித்தான். மாசத்துக்கு ரெண்டு மேட்ச் நீங்க பார்க்கிறதும் அந்தக் கணக்குல வரும்.

நேர்ல பார்க்கணுமா?

எழும்பூர்ல மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் இருக்கு. 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் 1-3னு பின்தங்கியிருந்த இந்தியா, மலேசியாவை 4-3னு ஜெயிச்சது அங்கேதான். 2025 இறுதியில் 24 நாடுகள் ஆடின ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்துச்சு. அதில் வெண்கலத்துக்கான மேட்ச்சில் இந்தியா அர்ஜென்டினாவிடம் 0-2னு பின்தங்கி, கடைசி குவார்ட்டரில் நாலு கோல் அடிச்சு 4-2னு ஜெயிச்சது. கப் ஜெர்மனிக்கு.

நமக்குப் பக்கத்துல மொரப்பூர் ஸ்டேஷன் இருக்கு, அங்கிருந்து சென்னைக்கு ரயில் பிடிக்கலாம். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி மேட்ச் நேரத்தையும் திரும்பற ரயிலையும் சேர்த்துப் பாருங்க. ராத்திரி மேட்ச்னா தங்கறதுக்கு இடம் வேணும். தனியா போகாம நாலு பேரா போனா செலவும் குறையும், சத்தமும் கூடும்.

இந்த வாரம் செய்யவேண்டியது

ஒண்ணு, அந்த பிரிட்டன் மேட்ச் ஹைலைட்ஸ். ரெண்டு, ஹாக்கி இந்தியாவோட பக்கத்தை ஃபாலோ பண்ணி அடுத்த மேட்ச் தேதியை போன்ல ரிமைண்டர் போடறது. மூணு, கிரிக்கெட் வாட்ஸ்அப் குரூப்ல ஹாக்கி பிடிக்கக்கூடிய ஒரே ஒரு ஃப்ரெண்டை இழுக்கறது. ரெண்டு பேர் இருந்தா போதும், வாக்குவாதம் தொடங்கிடும். வாக்குவாதம் தொடங்கிட்டா, நீங்க ஃபேன் ஆகிட்டீங்கன்னு அர்த்தம்!