கணிப்பொறியின் கல்வெட்டை அழித்த வைரஸ்

மாமல்லபுரத்துத் தருமராச ரதத்தில் பல்லவ மன்னரின் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். கடற்காற்று ஓயாது வீசும் அவ்விடத்தில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக அவை நிலைத்து நிற்கின்றன. கல்லில் பொறித்ததை மாற்றுவது எளிதன்று.

கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய கல்வெட்டு ஒன்று உண்டு. மின்சாரம் பாய்ந்தவுடன் கணிப்பொறியை விழிக்கச் செய்து, அதன் உறுப்புகளை இயக்கி வைக்கும் நிரலே அது. அதற்குப் ‘பயாஸ்’ என்று பெயர். 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில் இந்நிரல், படிக்க மட்டுமே இயலும் சில்லில் இருந்தது. எந்த வைரஸும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற இயலாது.

1990-களில் ‘ஃப்ளாஷ்’ சில்லுகள் இந்த இடத்தைப் பிடித்தன. மின்காப்புப் பொருள் சூழ்ந்த நுண்ணிய தீவுகளில் எலக்ட்ரான்களைச் சிறைவைத்து இவை செய்தியைச் சேமிக்கின்றன. தக்க மின்னழுத்தம் கொடுத்தால் பழையதை அழித்துப் புதியதை எழுதலாம்; சில்லைக் கழற்ற வேண்டியதில்லை. பிழை திருத்துவது எளிதாயிற்று. ஆனால் திருத்தும் வழியே கெடுக்கும் வழியும் ஆயிற்று.

1998-இல் தைவான் நாட்டு மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.எச். என்னும் வைரஸ் பரவியது. அதன் அளவு சுமார் 1 கிலோபைட்டே. விண்டோஸ் 95, 98 கோப்புகளில் உள்ள வெற்றிடங்களில் அது ஒளிந்துகொண்டது. எனவே கோப்பின் அளவு கூடவில்லை. 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, அது விழித்தது. வட்டின் தொடக்கப் பகுதியைச் சுழிகளால் நிரப்பியது. பயாஸ் சில்லையும் அழிக்க முயன்றது. எழுதுவதற்குத் தடையில்லாத சில மதர்போர்டுகளில் அம்முயற்சி பலித்தது. தென்கொரியா, துருக்கி, இந்தியா முதலிய நாடுகளில் கணிப்பொறிகள் முடங்கின.

1986-இல் செர்னோபில் அணுஉலை விபத்து நேர்ந்ததும் ஏப்ரல் 26-இல்தான். ஆதலால் இந்த வைரஸுக்குச் ‘செர்னோபில்’ என்ற பெயரும் ஏற்பட்டது. கல்பாக்கத்தை அடுத்து வாழும் வாசகர்கள் இப்பெயரைக் கேட்டு மருள வேண்டாம். தேதி ஒற்றுமையைத் தவிர அணுஉலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வைரஸ் ஒழிப்பு நிரல் கொண்டு இதைச் சரிசெய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எந்த நிரலும் ஓடுவதற்குக் கணிப்பொறி முதலில் விழிக்க வேண்டும். விழிக்கும் பாடமே அழிந்துவிட்டதே! ஆகவே சில்லைப் பிடுங்கி, வேறொரு கருவியில் வைத்து மீண்டும் எழுத நேர்ந்தது. சில்லு பற்றவைக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் மதர்போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

2018-இல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்த ‘லோஜாக்ஸ்’ இன்னும் தந்திரமானது. அது சில்லை அழிக்காமல் அதிலேயே குடியேறியது. வட்டைத் துடைத்தாலும், புது வட்டு பொருத்தினாலும் அது திரும்ப வந்தது. முதலில் தயாரிப்பாளரின் தூய நிரலைச் சில்லில் எழுதி, பிறகே வட்டைத் துடைத்து இயக்க முறைமையை நிறுவ வேண்டும். வரிசை மாறினால் சில்லிலிருந்து நோய் மீண்டும் வட்டுக்குத் தொற்றும்.

வருமுன் காக்கவும் வழி உண்டு. தயாரிப்பாளர் தரும் நிரலை மட்டுமே சில்லில் ஏற்றுங்கள். சில்லில் எழுதுவதைத் தடுக்கும் வசதியும், கையொப்பம் சரிபார்க்கும் ‘செக்யூர் பூட்’ வசதியும் இருந்தால் அவற்றை இயக்கி வையுங்கள். முக்கியக் கோப்புகளுக்குத் தனிப் படி ஒன்றை எடுத்து, கணிப்பொறியோடு இணைக்காமல் வையுங்கள். 1999-இல் வட்டை இழந்தவர்களுள், இப்படிப் படி எடுத்து வைத்திருந்தவர்களின் உழைப்பு வீணாகவில்லை.