காலாவதியான டொமைன் லட்சக்கணக்கில் ஏலம் போவது ஏன்? உங்க கம்பெனி பெயர் கைமாறினால் என்ன ஆகும்?

ஒரு டொமைன் பெயரைப் புதுப்பிக்க ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம்தான் ஆகும். அதைக் கட்ட மறந்தால், அதே பெயர் ஏலத்துக்குப் போய்விடும். நல்ல பெயராக இருந்தால் விலை லட்சங்களைத் தொடும்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கிளியரிங் ஏஜென்சி, டிரான்ஸ்போர்ட், லேத் பட்டறை என்று எத்தனையோ சிறு நிறுவனங்கள் இருக்கின்றன. பில் புக்கிலும் லாரி கதவிலும் வெப்சைட், இமெயில் முகவரி அச்சடித்திருக்கும். ஆனால் அந்த முகவரி யார் பெயரில் இருக்கு, என்னிக்கு முடியுதுன்னு கேட்டால் சட்டென்று பதில் வராது. பிரச்சினை தொடங்குற இடமே அதுதான்.

டொமைன் நமக்குச் சொந்தம் இல்லையா?

இல்லை. காசு கொடுத்து வாங்குகிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் அது குத்தகை. ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிவு செய்ய முடியும். டாட் காம் போன்ற பெயர்களுக்கான விதிகளை ஐகான் என்ற சர்வதேச அமைப்பு வகுக்கிறது. நம்ம நாட்டின் டாட் இன் பெயர்களை நிக்சி நிர்வகிக்கிறது. கோடாடி, பிக்ராக் போன்ற பதிவு நிறுவனங்கள் வழியாக நாம் பெயரைப் பதிவு செய்கிறோம். குத்தகையைப் புதுப்பிக்காவிட்டால் பெயர் அடுத்தவருக்குப் போகும்.

தேதி முடிந்த அன்றே போய்விடுமா?

போகாது. துறைமுகத்து ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். இறக்குமதியான சரக்கை இறக்கி 30 நாளாகியும் எடுக்கவில்லை என்றால், 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 48-வது பிரிவின்படி, உரியவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு விற்கலாம். கேட்பாரற்ற கன்டெய்னர்கள் ஏலத்துக்கு வருவது இப்படித்தான். டொமைனுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

டாட் காம் பெயருக்கான படிகள் இவை:

* முதலில் நோட்டீஸ். தேதி முடிவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்த 5 நாட்களுக்குள் இன்னொன்று என பதிவு நிறுவனம் தகவல் அனுப்ப வேண்டும். இது ஐகான் விதி.

* அடுத்து சலுகைக் காலம். இது 45 நாட்கள் வரை இருக்கலாம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இதற்குள் வெப்சைட்டும் இமெயிலும் வேலை செய்வது நின்றுவிடும். இப்போதுதான் பலருக்கும் விஷயமே தெரியவரும்.

* அதன்பின் மீட்புக் காலம், 30 நாட்கள். பழைய உரிமையாளர் பெயரை மீட்கலாம். ஆனால் வழக்கமான கட்டணத்தோடு பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.

* கடைசி 5 நாட்கள் நீக்கத்துக்கான காத்திருப்பு. இந்தக் கட்டத்தில் யாராலும் மீட்க முடியாது. அது முடிந்ததும் பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும்.

ஏலம் எப்போது நடக்கும்?

இரண்டு இடத்தில் நடக்கும். முதல் வகை, மேலே சொன்ன படிகள் முடியும் முன்பே நடப்பது. பெரிய பதிவு நிறுவனங்கள் பல, நல்ல பெயர்களைப் பொதுவெளிக்கு விடுவதே இல்லை. சலுகைக் காலத்திலேயே தங்கள் தளத்தில் ஏலம் விட்டுவிடுகின்றன. நிறுவனம் வைத்திருக்கும் கெடு முடியும் முன் பழைய உரிமையாளர் பணம் கட்டினால் ஏலம் ரத்தாகும். கட்டாவிட்டால் ஏலம் எடுத்தவருக்குப் பெயர் போய்விடும்.

இரண்டாவது வகை, பெயர் நீக்கப்படும் நொடியில் பிடிப்பது. டிராப்கேட்ச், ஸ்னாப்நேம்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்காகவே மென்பொருள் வைத்திருக்கின்றன. முன்கூட்டியே சொல்லிவைத்த வாடிக்கையாளருக்காகப் பெயரைப் பிடித்துத் தருவார்கள். ஒரே பெயரைப் பலர் கேட்டிருந்தால் அவர்களுக்குள் ஏலம் நடக்கும். கையால் டைப் செய்து போட்டி போட நமக்கு வாய்ப்பே இல்லை.

அப்படி என்ன இருக்கு அந்தப் பெயரில்?

முதல் காரணம், சின்னப் பெயர்கள் தீர்ந்துவிட்டன. டாட் காம்-ல் மட்டும் 15 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் பதிவாகியுள்ளன. ஒரே சொல்லில் அமைந்த பெயர் வேண்டுமென்றால் ஏற்கெனவே வைத்திருப்பவரிடம்தான் வாங்க வேண்டும். 2019-ல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்கு விற்பனையானது. ஹப்ஸ்பாட் நிறுவனத்தின் இணை நிறுவனர் தர்மேஷ் ஷா, 2023-ல் சாட் டாட் காம் பெயரை 1.55 கோடி டாலருக்கு வாங்கினார். இப்போது அது ஓப்பன்ஏஐ வசம் இருக்கிறது. இவை காலாவதி ஏலத்தில் போனவை அல்ல, நேரடி விற்பனை. ஆனால் ஏலத்தில் பணத்தை இறக்குபவர்களின் கண் இந்த விலைகள் மீதுதான்.

இரண்டாவது காரணம், பழைய பெயருக்கு இருக்கும் மதிப்பு. பத்து வருடம் ஓடிய வெப்சைட்டுக்கு மற்ற தளங்களில் இருந்து இணைப்புகள் இருக்கும், தேடலில் முன்னால் வரும். அந்தப் பெயரை வாங்கி சூதாட்ட விளம்பரமோ குப்பைக் கட்டுரைகளோ போட்டு சம்பாதிப்பவர்கள் உண்டு. இதைத் தடுக்க, காலாவதி டொமைனைத் தவறாகப் பயன்படுத்துவதை விதிமீறலாக 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்தது.

பெரிய கம்பெனிகளே கோட்டை விட்டிருக்கா?

1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்கு 35 டாலர் கட்ட மறந்தது. ஹாட்மெயிலில் நுழைய முடியாமல் பலர் தவித்தார்கள். கம்பெனிக்குத் தொடர்பே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கைக்காசைப் போட்டுக் கட்டினார்.

ஹெய்ன்ஸ் கெட்சப் பாட்டிலில் ஒரு போட்டிக்காக க்யூஆர் கோடு அச்சடித்திருந்தார்கள். போட்டி முடிந்ததும் டொமைனைக் கைவிட்டார்கள். பாட்டில் மட்டும் வீடுகளில் இருந்தது. 2015-ல் ஜெர்மனியில் ஒருவர் அதை ஸ்கேன் செய்தபோது ஆபாசத் தளம் திறந்தது.

2024 அக்டோபரில் ஜியோஹாட்ஸ்டார் டாட் காம் பேசுபொருளானது நினைவிருக்கலாம். இரண்டு நிறுவனங்களும் இணையும் என முன்பே கணித்து அந்தப் பெயரைப் பதிவு செய்திருந்த டெல்லி இளைஞர், கேம்பிரிட்ஜ் படிப்புக்கான செலவை ரிலையன்ஸ் ஏற்க வேண்டும் என்று கேட்டார். தொகை சுமார் ஒரு கோடி ரூபாய். இது காலாவதி கதை அல்ல. ஆனால் ஒரு பெயரை முந்திப் பிடிப்பவர் என்ன விலை கேட்கலாம் என்பதை நாடே பார்த்தது.

வட சென்னையில் ஒரு சின்ன ஆபீசுக்கு இதில் என்ன ஆபத்து?

உண்மையான ஆபத்து வெப்சைட்டில் இல்லை, இமெயிலில் இருக்கு. டொமைன் யார் கையில் இருக்கிறதோ, அந்தப் பெயருக்கு வரும் அஞ்சல் எல்லாம் அவருக்குத்தான் போகும்.

ஒரு கிளியரிங் ஏஜென்சியை எடுத்துக்குவோம். ஷிப்பிங் லைன் அனுப்பும் டெலிவரி ஆர்டர், இறக்குமதியாளரின் இன்வாய்ஸ், வங்கித் தகவல் எல்லாம் அந்த முகவரிக்கு வரும். டொமைனை வாங்கிய மோசடி ஆள், அதே முகவரியில் இருந்தே "எங்க அக்கவுன்ட் நம்பர் மாறிடுச்சு, இதுல போடுங்க" என்று எழுதினால் பார்ட்டி சந்தேகப்படவே மாட்டார். அந்த இமெயிலை வைத்துத் திறந்த மற்ற கணக்குகளில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால், புதிய பாஸ்வேர்டுக்கான இணைப்பும் அவருக்கே போகும்.

சட்டத்தில் மீட்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லோராலும் முடியாது. இந்த விஷயத்தில் நாட்டுக்கே வழிகாட்டும் தீர்ப்பு ஒரு சென்னை நிறுவனம் போட்ட வழக்கில்தான் வந்தது. சிஃபி என்ற பெயரில் இணைய சேவை நடத்திய சத்யம் இன்ஃபோவே, கிட்டத்தட்ட அதே ஒலியில் பெயர் வைத்த சிஃப்பிநெட் சொல்யூஷன்ஸ் மீது வழக்குப் போட்டது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தோற்றாலும், 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் வென்றது. டொமைன் பெயருக்கும் வணிக முத்திரை போன்ற பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

நீதிமன்றம் போகாமலும் தீர்வு தேடலாம். டாட் இன் பெயருக்கு நிக்சியின் தகராறு தீர்வு முறை இருக்கிறது. டாட் காம் பெயருக்கு வைப்போ அமைப்பிடம் போகலாம், அங்கே குறைந்தபட்சக் கட்டணமே 1,500 டாலர். பெயர் மீது உங்களுக்கு முத்திரை உரிமை இருக்கு, எதிராளி கெட்ட நோக்கத்தோடு எடுத்திருக்கார் என்று நிரூபிக்க வேண்டும். பொதுவான சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் என்றால் மீட்பது கஷ்டம்.

இன்னிக்கே என்ன செய்யலாம்?

* யார் பெயரில் பதிவாகி இருக்கு என்று பாருங்க. வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் இமெயிலில் பதிவு செய்திருந்தால், புதுப்பிப்பு நோட்டீஸ் எல்லாம் அவருக்குத்தான் போகும். உங்க கணக்குக்கு மாற்றச் சொல்லுங்க.

* முடியும் தேதியை ஹூஇஸ் தேடலில் இலவசமாகப் பார்க்கலாம்.

* தானியங்கிப் புதுப்பிப்பை ஆன் செய்யுங்க. ஆனால் இணைத்த கார்டு காலாவதியானால் அதுவும் வேலை செய்யாது. முடிந்தால் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம்.

* பதிவுக் கணக்கின் இமெயில், அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் நோட்டீசும் சேர்ந்தே நின்றுவிடும்.

* தொழிலை மூடினாலும் பெயரை உடனே விடாதீங்க. வங்கி, ஜிஎஸ்டி, ஐஸ்கேட் என எங்கெல்லாம் அந்த இமெயில் கொடுத்திருக்கோ அங்கெல்லாம் மாற்றிவிட்டு, ஒன்றிரண்டு வருடம் கட்டணம் கட்டி வைத்திருப்பது நல்லது.

* பெயர் கைமாறி யாராவது பணம் இழந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.