நாயனத்தோட உயிர் ஒரு புல்லு

எங்க கடப்பாக்கம் பக்கம் பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை விரலால நசுக்கி, 'பீ பீ'ன்னு ஊதாத பிள்ளை கிடையாது. அந்த நசுக்கின முனைதான் விஷயமே. ரெண்டு இதழ் ஒட்டியும் ஒட்டாம நிக்கும். நடுவுல காத்து போனா அது படபடன்னு அடிச்சுக்கும். அந்த அதிர்வுதான் சத்தம். கோயில்ல வாசிக்கிற நாதஸ்வரத்துக்கும் இதே கணக்குதான். அதுக்கு வாயில வைக்கிற முனைக்குப் பேரு சீவாளி.

நாயனம்னா எல்லாரும் மரத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. கும்பகோணத்துல இருந்து மயிலாடுதுறை போற வழியில இருக்கிற நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல நாயனம் கடையிறாங்க. அதுக்கு 2022-ல புவிசார் குறியீடும் கிடைச்சது. நல்ல விஷயம். ஆனா ஆழ்வார்திருநகரி கோயில்ல கல்லுல செஞ்ச நாயனமே இருக்கு. குழல் கல்லா இருந்தாலும் மரமா இருந்தாலும், ஊதுற முனை புல்லுதான்.

அந்தப் புல்லு, காவிரிக் கரையில விளையிற ஒரு வகை நாணல். கொறுக்கைத் தட்டைன்னு சொல்லுவாங்க. நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்துலயே இருக்கிற திருவாவடுதுறை சீவாளிக்குப் பேர் போன ஊரு. தட்டையை அறுத்து, காய வச்சு, நாம நெல்லை அவிச்சுக் காய வைக்கிற மாதிரி அவிச்சுப் பதப்படுத்துறாங்க. அப்புறம் அளவா நறுக்கி, முனையைத் தட்டையாக்கி, அடிப்பக்கத்தை நூலால இறுக்கிக் கட்டுறாங்க. இதைக் கெண்டைங்கிற சின்ன உலோகக் குழாய்ல மாட்டி, அதை நாயனத்துல சொருகணும்.

கட்டினதோட வேலை முடியாது. ஊதுறவர் எச்சில்ல நனைச்சு ஊற வைப்பார். இதழ் ரொம்ப மூடிக்கிட்டா காத்து போகாது. அப்போ நாயனத்துல தொங்குற தந்த ஊசியை உள்ள விட்டு லேசா விரிப்பார். ரொம்ப விரிஞ்சிருந்தா ஊதி மூச்சு வாங்கும். அப்போ விரலால அமுக்கி ஒடுக்குவார். கச்சேரி நடுவுல சீவாளி கெட்டுப் போனா மாத்த, கூடவே நாலஞ்சு சீவாளி தொங்கும். சின்ன வயசுல அதையெல்லாம் அலங்காரம்னு நினைச்சோம். அது முழுக்க மராமத்து சாமான்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்துல நாயனமே மாறுச்சு. அதுக்கு முன்னாடி திமிரிங்கிற குட்டை நாயனம். சுருதி தூக்கலா இருக்கும். மைக் இல்லாத காலத்துல நாலு தெரு தாண்டிக் கேட்கணுமே! அவர் சுருதி இறக்கமான, நீளமான பாரி நாயனத்தைப் பரவலாக்கினார். குழல் மாறினா சீவாளியோட அளவும் மாறணும். அந்த மாற்றத்துல சீவாளி கட்டினவங்க கைக்கும் பங்கு உண்டு. ஆனா அவங்க பேரை யாரும் சொல்றதில்லை.

வெள்ளைக்காரங்ககிட்ட ஓபோன்னு ஒரு வாத்தியம் இருக்கு. 17-ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ் அரசவையில உருவானது. அதுக்கும் நாணல்லதான் ரெட்டை இதழ். தெற்கு பிரான்ஸ் நாணலுக்கு அங்க பெரிய மவுசு. ஆனா ஓபோ வாசிக்கிறவங்க பல பேர் தாங்களே கத்தி வச்சு சீவிக் கட்டிக்கிறாங்க. அதைக் கத்துக்கவே வருஷக்கணக்கா ஆகும். நம்ம பக்கம் பெரும்பாலும் கட்டுறவர் ஒருத்தர், ஊதுறவர் வேறொருத்தர். அதனால கட்டுறவர் இல்லைன்னா ஊதுறவர் கை ஒடிஞ்ச மாதிரி.

இங்கதான் என் கவலை. மரக் குழல் தலைமுறை தாண்டி வரும். சீவாளி கொஞ்ச நாள்தான் உழைக்கும். ஊத ஊதத் தேயும், தேயத் தேய வாங்கணும். அந்த வியாபாரத்துலதான் கட்டுறவர் வீட்டு அடுப்பு எரியுது. இன்னைக்குப் பல கோயில்ல பூஜை நேரத்துக்கு ஸ்விட்சைத் தட்டினா மின்சார மேளம் தானா அடிக்குது. கல்யாணத்துல செண்டை மேளம், இல்லைன்னா ஸ்பீக்கர். நாயனம் ஊதுற நாள் குறைஞ்சா, முதல்ல அடிபடுறது சீவாளிக்காரர்தான்.

விதைநெல்லைப் பெட்டியில பூட்டி வச்சா அது விதையா நிலைக்காது; போகத்துக்குப் போகம் விதைச்சாத்தான் நிலைக்கும். சீவாளி கட்டுற கையும் அப்படித்தான். புவிசார் குறியீடு குழலைக் காப்பாத்தலாம். அந்தக் கையைக் காப்பாத்தணும்னா நாயனம் ஊதப்படணும். அடுத்த திருவிழாவுக்கு ஊர்ல வரவு செலவு போடும்போது, வாண வேடிக்கையில கொஞ்சம் குறைச்சாவது ஒரு நல்ல மேளத்துக்கு வெத்தலை பாக்கு வைங்க.