வலைப்பந்தாட்டம் கண்டியில் பிறந்த கதை

இலங்கையின் வலைப்பந்தாட்டத்துக்குப் பிறந்த ஊர் கண்டி. ஆண்டு 1921. கண்டி பெண்கள் உயர்நிலைப் பாடசாலையின் சாரணியர் குழுவில் இருந்த பிள்ளைகள்தான் இந்த நாட்டில் முதன்முதலில் அந்தப் பந்தைக் கையில் எடுத்தவர்கள். இன்று இலங்கை ஆசியக் கிண்ணத்தை ஆறு தடவை வென்ற நாடு. அந்த வெற்றிகளின் வேரைத் தேடிப் போனால், மலைநாட்டுப் பாடசாலை ஒன்றின் முற்றத்துக்குத்தான் வந்து சேர்வோம்.

ஆனால் அந்த முற்றத்துக்கு ஆட்டம் எப்படி வந்தது? ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்ந்து போனவர்களோடு வந்தது. இந்த ஆட்டத்தின் வரலாற்றில் எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும், ஊர் மாறி, நாடு மாறி, பாடசாலை மாறி வந்த ஒருவர் அங்கே நிற்கிறார். பாடசாலை மாறி வந்து விளையாடும் பிள்ளையைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலுள்ள பயிற்சிக் கல்லூரியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உடற்பயிற்சி மண்டபத்தில் இரண்டு பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அவர் கனடாவிலிருந்து வந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது பெண்கள் படிக்கும் ஸ்மித் கல்லூரி. அங்கே உடற்பயிற்சி கற்பித்த செண்டா பெரென்சன் இந்தப் புதிய ஆட்டத்தைப் பற்றி அறிந்து, அதைத் தன் மாணவிகளுக்கு ஏற்ப மாற்றினார். அவர் லித்துவேனியாவில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்.

பெரென்சன் செய்த முக்கிய மாற்றங்கள் மூன்று. ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் பகுதிக்குள்ளேயே ஆட வேண்டும் என்றார். ஒருத்தி கையில் இருக்கும் பந்தை இன்னொருத்தி பறிக்கக் கூடாது என்றார். மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது என்றார். 1893 மார்ச் 22ஆம் திகதி அந்தக் கல்லூரியின் முதலாம் ஆண்டு மாணவிகளும் இரண்டாம் ஆண்டு மாணவிகளும் மோதினார்கள். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் அன்று பிறந்தது.

அதே பத்தாண்டுக்குள் ஆட்டம் கடல் கடந்தது. சுவீடனிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க் குடியேறிய மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்ட்டர்பர்க், பெண் உடற்கல்வி ஆசிரியைகளை உருவாக்கும் ஒரு கல்லூரியை அங்கே நடத்திக்கொண்டிருந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தினர்கள் அந்த மாணவிகளுக்குக் கூடைப்பந்தாட்டத்தைக் காட்டிக் கொடுத்தார்கள். குப்பைக் காகிதக் கூடைகளைச் சுவரில் மாட்டி ஆடத் தொடங்கியவர்கள், பிறகு வெளியே புல்தரைக்கு வந்தார்கள். புல்லில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது எளிதான காரியமா? எறிந்து பிடிப்பதே ஆட்டமாயிற்று. கூடை போய் இரும்பு வளையம் வந்தது. வளையத்தில் வலை தொங்கியது. அதுவே வலைப்பந்தாட்டம். 1901இல் விதிகள் புத்தகமாக அச்சேறின. அந்தக் கல்லூரி வழி வந்த ஆசிரியைகள் நியமனம் பெற்றுப் போன பாடசாலைகளுக்கெல்லாம் ஆட்டமும் கூடவே போனது.

இனிக் கண்டிக்கு வருவோம். மெதடிஸ்ட் மிஷன் 1879இல் தொடங்கிய பெண்கள் உயர்நிலைப் பாடசாலையில், 1917 மார்ச் 21ஆம் திகதி இலங்கையின் முதல் பெண் சாரணியர் குழு அமைந்தது. அமைத்தவர் ஜெனி கிரீன். திருமணத்துக்குப் பின் கல்வர்லி என்று அறியப்பட்டவர். பெண் பிள்ளைகள் முகாம் போடுவதும், முடிச்சுப் போடப் பழகுவதும், வெளியில் ஓடி ஆடுவதும் அன்றைய கண்டிச் சமூகத்துக்குப் புதிது. அந்தக் குழுவுக்குள்தான் 1921இல் வலைப்பந்து நுழைந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1927இல், பதிவான முதல் போட்டி நடந்தது. ஒரு பக்கம் கண்டிப் பாடசாலை அணி. மறுபக்கம் அரசினர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் சாரணியர் அணி. அந்த இரண்டாவது அணி யாரால் ஆனது என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் நியமனம் பெற்றுப் போகிறவர்கள் அவர்கள். ஆசிரியையின் இடமாற்றக் கடிதத்தோடு ஒரு விளையாட்டும் ஊருக்கு ஊர் போகும் என்பது பாடசாலை வாழ்க்கையை அறிந்த எவருக்கும் தெரியும். 1952 அளவில் வலைப்பந்து பாடசாலைகளைத் தாண்டி வர்த்தக நிறுவனங்களிலும் ஆடப்பட்டது. பாடசாலையில் ஆடியவள் வேலைக்குப் போனாள். ஆட்டத்தையும் வேலைத்தலத்துக்குக் கொண்டு போனாள்.

1960இல் உலகமே இலங்கைக்கு வந்தது. இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய நாடுகளின் பிரதிநிதிகள் இங்கே கூடி, நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கினார்கள். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அப்போதும் இதற்குப் பெண்கள் கூடைப்பந்தாட்டம் என்றுதான் பெயர். 1970 வரைக்கும் அப்படித்தான். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதல் உலகப் போட்டி நடந்தபோது பங்குபற்றிய 11 அணிகளில் இலங்கையும் ஒன்று. கண்டிச் சாரணியர் பந்தைத் தொட்டு 42 ஆண்டுகளில் இது நடந்தது.

இத்தனை பெயர்வுகளில் பிறந்த ஆட்டத்தின் விதிகளே, புதிதாக வருகிறவளின் நிலையைத் தீர்மானிக்கின்றன. ஓர் அணியில் ஏழு பேர். களத்தின் நீளம் 30.5 மீற்றர், அகலம் 15.25 மீற்றர். மூன்று பகுதிகள். யார் எந்தப் பகுதிக்குள் போகலாம் என்பதை மார்பிலும் முதுகிலும் இருக்கும் எழுத்து சொல்லிவிடும். கோல் ஷூட்டரும் கோல் அட்டாக்கும் மட்டுமே வளையத்துக்கு எறியலாம். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில், பின்பலகை இல்லாமல் நிற்கிறது. பந்தைப் பிடித்தவள் மூன்று விநாடிக்குள் கைவிட வேண்டும். தட்டிக்கொண்டு ஓட முடியாது.

இப்படியான களத்தில், வேறு பாடசாலையிலிருந்து வந்த ஒரு கோல் ஷூட்டர் முதல்முறை இறங்குகிறாள் என்று வைப்போம். பழைய அணியில், ஷூட்டருக்குப் பந்து கொடுக்கும் விங் அட்டாக் அதை அவள் தலைக்கு மேலே தூக்கிப் போடுவாள். இவள் நின்ற இடத்திலேயே எம்பிப் பிடிப்பாள். இங்கே விங் அட்டாக் நெஞ்சுயரத்தில் வேகமாக எறிகிறாள், ஷூட்டர் முன்னால் ஓடி வருவாள் என்று நம்பி. இவள் ஓடவில்லை. எதிரணியின் கோல் கீப்பர் கையை நீட்டுகிறாள், பந்து போய்விடுகிறது. பிழை இருவரிடமும் இல்லை. இருவரும் வேறு வேறு கைப்பழக்கத்தில் வளர்ந்தவர்கள். வாரக்கணக்கில் காலையும் மாலையும் சேர்ந்து பயிற்சி எடுத்தால்தான், எறிபவளின் தோள் அசையும்போதே பிடிப்பவளின் கால் புறப்படும். வலைப்பந்தில் தனியொருத்தி பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கவே முடியாது. எவ்வளவு கெட்டிக்காரி வந்தாலும் மற்ற ஆறு பேரும் அவளை ஏற்றுக்கொண்டால்தான் அவள் திறமை பயன்படும்.

கண்டியின் பாடசாலை அணிகளுக்கு இந்த நிலை அடிக்கடி வரும். காரணம் நம் கல்வி முறையிலேயே இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி பாடசாலைகள். கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி. வகை 2 பாடசாலையில் தரம் 11 உடன் படிப்பு முடிந்துவிடும். தெல்தோட்டைப் பக்கமோ புசல்லாவைப் பக்கமோ ஒரு வகை 2 பாடசாலையில் படித்த பிள்ளை சாதாரண தரத்தில் சித்தியடைந்தால், விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு வேறு பாடசாலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பினால், 1சி பாடசாலைப் பிள்ளைக்கும் இதே கதிதான். அவள் ஐந்தாறு வருடம் ஆடிப் பழகிய ஆட்டமும் அவளோடு வருகிறது. இடம் மாறுவது அவளுடைய பேராசை என்று யார் சொல்ல முடியும்?

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தாட்டத்திலும் இதே கதை உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஃபீல்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர் ஷெரில் ஸ்வூப்ஸ். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் புலமைப்பரிசிலோடு இடம் கிடைத்துப் போனார். வீட்டு நினைவு தாங்காமல் சில நாட்களிலேயே திரும்பி வந்தார். ஊருக்குப் பக்கத்தில், இரண்டாண்டுப் படிப்பு மட்டுமே உள்ள சௌத் பிளெயின்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படிப்பு முடிந்ததும் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1993 தேசிய இறுதிப் போட்டியில் அவர் தனியாக 47 புள்ளி எடுத்தார். ஒஹாயோ ஸ்டேட் அணியை டெக்சாஸ் டெக் 84க்கு 82 என்று வென்றது. இரண்டாண்டுக் கல்லூரி அவருக்கு எதுவோ, வகை 2 பாடசாலை நம் பிள்ளைக்கு அது. படிப்பு அங்கே முடிந்துவிடுகிறது. கதவு திறந்திருந்தால் அடுத்த வீட்டுக்குப் போய் ஆடலாம்.

அந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கவில்லை. 1971இல் அமெரிக்கப் பெண் கல்வியாளர்கள் தாங்களே உருவாக்கி நடத்திய கல்லூரிப் பெண்கள் விளையாட்டுச் சங்கம், கல்லூரி மாறி வரும் மாணவி உடனே விளையாட இடம் கொடுத்தது. மாணவி முதலில் மாணவி, படிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பது அவர்கள் எண்ணம். 1982இல், ஆண்கள் விளையாட்டை ஆண்டுவந்த என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கும் போட்டி நடத்தத் தொடங்கியதும் அந்தச் சங்கம் நின்றுபோனது. அதன்பின் நான்காண்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கூடைப்பந்து வீராங்கனை பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2018 ஒக்ரோபரில் மாறுதல் கோருவோருக்கான இணையப் பதிவு முறை வந்தது. 2021இல் ஒருமுறை மாறுவோருக்கு அந்த ஓராண்டுக் காத்திருப்பும் நீக்கப்பட்டது. பெண்கள் முதலிலேயே கண்ட நியாயத்தைத் திரும்பப் பெற ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின. 2022இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய ஏஞ்சல் ரீஸ், அடுத்த ஆண்டு ஏப்ரலில் அயோவாவை 102க்கு 85 என்று வென்று கிண்ணம் தூக்கிய அணியின் முன்னணி வீராங்கனை.

நம் நாட்டிலும் பெரிய சாட்சி இருக்கிறது. தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்து ஈவினையைச் சேர்ந்தவர். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தார். கொழும்பில் வங்கி அணிக்கு ஆடினார். மெல்போர்ன் போய் அங்குள்ள கழகத்துக்கு ஆடினார். 2.08 மீற்றர் உயரமுள்ள அந்தக் கோல் ஷூட்டர் ஒவ்வோர் இடத்திலும் புதிதாக வந்தவர். கொழும்பிலும் மெல்போர்னிலும் வேறு மொழி பேசுவோரின் எறியைப் பிடிக்கப் பழகியவர். 2018இல் சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்று இலங்கை ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோதும், 2022இல் மறுபடியும் சிங்கப்பூரை 63க்கு 53 என்று வென்றபோதும் வளையத்தடியில் நின்றவர் அவர். அந்த உயரமான கைகளை நம்பிப் பந்தை மேலே தூக்கிப் போடச் சக வீராங்கனைகள் பழகிக்கொண்டார்கள். வந்தவள் அணிக்கு ஏற்ப மாறுவதும், அணி வந்தவளுக்கு ஏற்ப மாறுவதும் சேர்ந்து நடக்கும்போதுதான் கிண்ணம் வருகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வசதியுள்ள பாடசாலைகள் சிறிய பாடசாலைகளின் நல்ல வீராங்கனைகளை ஆசைகாட்டி இழுத்துக்கொள்ளும் அபாயம் எங்கும் உண்டு. ஐந்து வருடம் பயிற்சி கொடுத்த உடற்கல்வி ஆசிரியை ஒரே நாளில் தன் ஷூட்டரை இழந்து நிற்பது உண்மையான வலி. அந்த ஏழு பேரில் எஞ்சிய ஆறு பேரின் ஏமாற்றமும் உண்மை. அதற்கு மருந்து, மாறி வந்த பிள்ளையை ஓரமாக உட்கார வைப்பதாக இருக்கக் கூடாது. பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பாடசாலை வாழ்க்கையில் எஞ்சியிருப்பதே இரண்டு மூன்று ஆண்டுகள். அதில் ஓராண்டைப் பறித்தால், தண்டனை இழுத்த பாடசாலைக்குப் போவதில்லை, பிள்ளைக்கே போகிறது. ஆசைகாட்டி இழுத்த நிர்வாகத்தைக் கேள்வி கேளுங்கள். படிப்புக்காக வந்தவளுக்குக் களத்தைத் திறந்துவிடுங்கள். அவளை வளர்த்து அனுப்பிய பாடசாலையின் பெயரைப் போட்டி நாளில் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அந்த ஆசிரியையை அழைத்து முன்வரிசையில் அமர வையுங்கள்.

கண்டிக்கு இதில் தனிக் கடமை இருக்கிறது. கனடாக்காரர் உருவாக்கி, லித்துவேனியாவில் பிறந்தவர் திருத்தி, சுவீடன்காரரின் கல்லூரியில் உருமாறி, சாரணியர் குழுவோடு மலையேறி வந்த ஆட்டத்தை முதலில் வாங்கிக்கொண்ட ஊர் இது. அந்தப் பிறப்புரிமையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு ஒரு வழி உண்டு. உயர்தர அனுமதி நாளில் தோட்டப்புறத்திலிருந்தோ சிற்றூரிலிருந்தோ வரும் பிள்ளையின் விடுகைப் பத்திரத்தை வாங்கும்போது, பெறுபேற்றை மட்டும் பார்க்காமல், எந்த இடத்தில் ஆடினாய் மகள் என்றும் கேட்க வேண்டும். விடுதியில் இடம், மாலைப் பயிற்சி முடிந்து வீடு திரும்பப் பேருந்து வசதி, காலுக்கு ஒரு சோடி நல்ல சப்பாத்து: இவ்வளவும் கிடைத்தால், அடுத்த தலைமுறையின் இலங்கை அணிக்குக் கண்டி தன் பங்கைக் கொடுக்கும்.